மூன்று விரல் நுழையாத வாய்

முதலில் சம்பல்தான் எரியும். காலை ரொட்டிக்கு அரைத்த சம்பல் பட்டதும் கன்னத்தின் உட்புறம் சுடுகிறது என்று ஒருவர் சொன்னால் லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. “சூட்டுக்கு வந்த புண்ணா இருக்கும், விட்டமின் குளிசை போடுங்க அக்கா” என்பார்கள். குளிசை வரும், சம்பலில் கொச்சிக்காய் குறையும், தேத்தண்ணியை ஆறவைத்துக் குடிக்கும் பழக்கம் தொடங்கும். கொஸ்லந்த, ஹல்துமுல்லை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வெற்றிலை போடுகிற ஒருவர் உறைப்பைக் கைவிடும் நாளுக்கும், மகரகமையில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் பெயர் பதியும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வருடங்கள் முழுவதும் நோய் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. வாயைத் திறந்து டோர்ச் அடித்தால் தெரியும்.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு இதை வருடக்கணக்காகச் சொல்லிவருகிறது. தோட்டங்களில் இது ஆண்களோடு நிற்பதுமில்லை, ஏனென்றால் அங்கே பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வெற்றிலை போடுகிறார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை: நான்கும் மடியில் ஒரு சின்னப் பையில் மலைக்குப் போகும். பனிக்குக் குளிர் தெரியாது, பதினொரு மணிக்குப் பசி தெரியாது, அட்டை ஏறினால் அதே சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும். இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் காலை ஏழரைக்கு மலையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்புகளின் ஏற்பிகளில் நேரடியாக வேலை செய்து உடம்பைச் சூடாக்குகிறது, பசியை அமர்த்துகிறது, விழிப்பைத் தருகிறது. உலகில் அதிகம் பயன்படும் கிளர்ச்சிப் பொருட்களில் புகையிலை, மது, கஃபீன் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காம் இடம் பாக்குக்குத்தான். அது வேலை செய்கிறது, அதனால்தான் விட முடியவில்லை.

புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மருத்துவர் பெந்தால், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். வாய்ப் புற்று அதில் பெரும்பங்கு. அதே நெய்யூரிலிருந்து 1933இல் மருத்துவர் ஓர், வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றை மட்டும் எடுத்து லான்செட்டில் கட்டுரை வெளியிட்டார். நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டின் தென்கோடியில், தமிழ் பேசிய நோயாளிகளின் வாய்களைப் பார்த்துத்தான் உலகம் இந்த நோயைப் படித்தது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் 1985இலும், புகையிலை சேர்க்காவிட்டாலும் தரும், வெறும் பாக்கே போதும் என்று 2004இலும் அறிவித்தது. “நான் போயிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்” என்று சொல்லும் அண்ணன்மாருக்கு இந்த இரண்டாவது வருடம் முக்கியம்.

பாக்கைச் சுண்ணாம்போடு மெல்லும்போது வாய்க்குள் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருட்கள் ஒட்சிசனோடு வினைபுரிந்து, கலங்களின் மரபணுவை வெட்டக்கூடிய மூர்க்கமான மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அரெக்கோலினும் உமிழ்நீரில் உள்ள நைத்திரைற்றும் சேர்ந்து நைத்திரோசமின் என்ற வகைப் பொருட்கள் பிறக்கின்றன. புகையிலை தன் பங்குக்கு வேறு நைத்திரோசமின்களைக் கொண்டுவருகிறது. சாராயமோ கசிப்போ கூடவே சேர்ந்தால், மதுவால் மெலிந்த தோல் வழியே இவையெல்லாம் இன்னும் ஆழமாக இறங்கும். உருண்டையை எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறோமோ அந்தக் கன்னத்திலேயே பெரும்பாலும் நோய் வருவதற்கு, இந்தப் பொருட்களெல்லாம் அங்கேயே ஊறுவதுதான் காரணம்.

பாக்கு செய்யும் இன்னொரு வேலை மெதுவானது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களின் வாய் வெளிறி இறுகிப்போயிருப்பதை எழுதினார். அடுத்த வருடமே பம்பாயில் ஜோஷி அதற்கு, சளிச்சவ்வின் அடியில் நார் படரும் நோய் என்ற பொருள்படப் பெயர் வைத்தார். கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் தேவைக்கு மேல் உருவாகி, உருவானது கரையாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பின்னும் வேலையைச் செய்யும் நொதிக்குச் செம்பு வேண்டும். பாக்கில் செம்பு நிறைய இருக்கிறது. இந்த நோயுள்ள இழையத்தில் அந்த நொதி அளவுக்கு மீறி இயங்குவதை 1990களின் இறுதியில் லண்டனில் காட்டிய ஆய்வுக்குழுவில் இலங்கையரான பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் இருந்தார். அவரை மீண்டும் சந்திப்போம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வையுங்கள். நல்ல வாயில் உங்கள் சொந்த மூன்று விரல்களும் போகும். இரண்டுதான் போகிறது என்றால் நார் படர்ந்திருக்கலாம். கன்னத்தை உள்ளிருந்து தடவினால் மேலிருந்து கீழாக இறுகிய கயிறுபோல் ஒன்று தட்டுப்படும். வெற்றிலையை நிறுத்தினால் நோய் மேலும் ஏறுவது மட்டுப்படும், பயிற்சியால் வாய் கொஞ்சம் திறக்கும், ஆனால் விழுந்த நார் முழுதாகக் கரைவதில்லை. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இப்படிப்பட்ட 66 பேரை 17 வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்தது, அதாவது 7.6 சதவீதம். பெரும்பாலோருக்கு வராது என்று இதைப் படிக்கலாம். ஒரு லயத்து வரிசையில் இப்படிப் பதின்மூன்று வாய் இருந்தால் அதில் ஒன்று என்றும் படிக்கலாம்.

நார் தவிர, துடைத்தால் போகாத வெள்ளைப் படலமும் பட்டுத்துணி மாதிரிச் சிவந்த படலமும் எச்சரிக்கைகள். இரண்டில் சிவப்புத்தான் அதிகம் பயப்பட வேண்டியது, அது புற்றாக மாறும் வாய்ப்பு வெள்ளையைவிட மிக அதிகம் என்பதால். நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தால் தோலின் கலங்கள் வரிசை குலைந்து, கரு பெருத்து, அடியிலிருக்கும் மெல்லிய சவ்வின்மேல் நெருக்கிக்கொண்டு நிற்கும். சவ்வு உடையாதவரை அது புற்று அல்ல. ஒரு குழுக் கலங்கள் சவ்வைக் கடந்து கீழிறங்கிய நாளில் அது புற்று. அந்தக் கடப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தூரம். அதற்கு முன் எடுத்தால் ஊசி போட்டு, ஒரு மணி நேர வேலையாக முடியும். பின்னால் எடுப்பதென்றால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பாதி.

அதற்குப் போகுமுன், அந்தக் கடப்புக்கு முன்பே நோயைப் பிடிக்க முடியுமா என்ற கேள்வி. வர்ணகுலசூரியவும் அவரது குழுவினரும் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மத்திய இலங்கையில், கிராமங்களுக்குப் போகும் சாதாரண சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கப் பயிற்சி கொடுத்து, ஒரே வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டோரின் வாய்களைப் பரிசோதிக்கவைத்தார்கள். சந்தேகத்துக்குரிய அடையாளங்களைக் கண்டுபிடிப்பதில் ஊழியர்கள் சோடை போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் போனார்கள்.

எனக்கு, போகாத மற்றப் பாதிதான் முழு விஷயமும். கொஸ்லந்தக்கு மேலே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்த செய்தி வெளிவந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. வாயில் வெள்ளைப் படலம் கண்ட தொழிலாளிக்கும் போக ஓர் இடம் இருக்கிறது, ஆனால் போகும் நாளில் பேர் விழாது, அதாவது அன்றைய கூலி இல்லை. கொஸ்லந்தயிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் பெரகலை ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை கடந்து போக வேண்டும். நம்பர் எடுத்து, காட்டி, இழையத் துண்டு எடுக்க இன்னொரு திகதி வாங்கித் திரும்பினால் ஒரு பேர் போச்சு. துண்டு எடுக்கும் நாள் ஒரு பேர். முடிவு வாங்கும் நாள் ஒரு பேர். வலிக்காத ஒரு வெள்ளைப் படலத்துக்காக மூன்று நாள் கூலியை விடச் சொல்லும்போது, இலங்கையில் வைத்தியம் இலவசம் என்ற வாக்கியத்துக்குப் பொருள் கொஞ்சம் மாறிவிடுகிறது.

சரி, போனார் என்றே வைத்துக்கொள்வோம். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து நல்ல தோலும் கெட்ட தோலும் சேர்ந்த ஒரு சிறு துண்டை எடுப்பார்கள். இரண்டொரு தையல். “கத்தி பட்டால் பரவும்” என்று ஊரில் சொல்வார்கள். இந்தச் சிறு துண்டினால் நோய் பரவுவதில்லை, துண்டு எடுக்காமல் மாதக்கணக்கில் விடுவதால்தான் பரவுகிறது. சாயம் ஏற்றிய கண்ணாடித் தட்டில் சவ்வு உடைந்திருப்பது தெரிந்தால், அடுத்த கேள்வி எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம், கழுத்துக்குப் போயிருக்கிறதா என்பது. 2 சென்ரிமீற்றருக்குள் அகலமும் 5 மில்லிமீற்றருக்குள் ஆழமும் இருந்து, கழுத்துக்கும் போகாவிட்டால் முதல் நிலை. ஆழத்தைக் கணக்கில் சேர்த்தது அண்மையில்தான், 2017இல் வந்த எட்டாம் பதிப்பு வகைப்பாட்டில். அதற்கு முன் அகலத்தை மட்டும் அளந்து, ஆழமாக வேர் விட்ட சிறிய கட்டிகளிடம் வைத்தியர்கள் ஏமாந்தார்கள். முதல் நிலையில் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஏழெட்டுப் பேர் ஐந்து வருடம் தாண்டுவார்கள். கழுத்து நிணநீர்க் கணுவில் நோய் ஏறிவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கீழுதடும் நாடியும் மரத்துப்போனால் தாடை என்புக்குள் ஓடும் நரம்பை நோய் தொட்டிருக்கிறது என்று பொருள். காது வலிக்கிறது, ஆனால் காதில் ஒன்றுமில்லை என்றால் நாக்கின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஆடும் பல்லைப் பிடுங்கிய குழி ஆறாமல் கிடந்தால் அதுவும் அப்படித்தான். இந்த மூன்றையும் பல்வலி, காதுவலி என்று வைத்தியம் பார்த்துக் காலம் கடத்துவது மலையகத்தில் மட்டும் நடக்கும் கதையில்லை.

சத்திரசிகிச்சையின் கொள்கை எளிது: கட்டியை எல்லாப் பக்கமும் சுமார் 1 சென்ரிமீற்றர் நல்ல இழையத்தோடு சேர்த்து எடு. வாய் சின்ன இடம், கட்டி 3 சென்ரிமீற்றர் என்றால் எடுக்க வேண்டியது 5 சென்ரிமீற்றர். கன்னத்தின் பாதி போகும். என்பை ஒட்டியிருந்தால் தாடையின் மேல்விளிம்பைச் செதுக்குவார்கள். என்புக்குள் புகுந்திருந்தால் ஒரு துண்டையே எடுக்க வேண்டும்.

பிறகு கழுத்து. கணு எதுவும் கைக்குத் தட்டுப்படாத ஆரம்ப நிலை நோயாளியின் கழுத்தைத் திறந்து கணுக்களை எடுக்க வேண்டுமா, பொறுத்திருந்து பார்க்கலாமா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டார்கள். முடித்துவைத்தது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. அனில் டி’குரூஸ் தலைமையில் 596 பேரைச் சேர்த்து, முதல் 500 பேரின் முடிவை 2015இல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே கணுக்களை எடுத்தவர்களில் 80 சதவீதத்தினர் மூன்று வருடங்களுக்குப் பின் உயிரோடிருந்தார்கள், பொறுத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினர். எட்டுப் பேருக்கு ஓர் உயிர் என்ற வித்தியாசம். மேற்கு நாடுகளுக்கு வெளியே செய்த ஆய்வொன்று மேற்கு நாடுகளின் பாடப்புத்தகத்தையே மாற்றிய சம்பவங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கழுத்துக்குள்தான் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் உரிய ஒரு பிரச்சினை கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மூளையிலிருந்து இறங்கும் பதினோராவது நரம்பு, நிணநீர்க் கணுக்களின் நடுவே புகுந்து, பிடரியிலிருந்து தோள்வரை விரிந்த சரிவகத் தசைக்குப் போகிறது. தோளை உயர்த்துவதும், தோள்பட்டை என்பைத் தாங்கிப் பிடிப்பதும், பாரம் பின்னால் இழுக்கும்போது தலையை நிமிர்த்தி வைப்பதும் அந்தத் தசை. ஜோர்ஜ் கிரைல் 1906இல் எழுதிவைத்த முறையில் கழுத்துக் கணுக்களோடு அந்த நரம்பையும் பெரிய தசை ஒன்றையும் பெரிய நாளத்தையும் சேர்த்தே எடுத்தார்கள். உயிர் தப்பியவர்களின் தோள் தொங்கியது. ஆர்ஜென்ரீனாவில் ஒஸ்வால்டோ சுவாரெஸ் 1960களில் நரம்பை விட்டுவிட்டுக் கணுக்களை மட்டும் எடுக்கும் வழியைக் காட்டினார். இன்று பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் கணுவைப் பிரித்தெடுக்கும்போது நரம்பைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது, இழுபட்ட நரம்பு மாதக்கணக்கில் சோர்ந்து கிடக்கும்.

கொழும்பில் கந்தோர் வேலை பார்ப்பவருக்கு இது சட்டை போடும்போது ஒரு சுளுக்கு. கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு அப்படியில்லை. கூடையின் கயிறு உச்சந்தலையில், பாரம் முதுகில். கொழுந்து நிறையும்போது அந்த இழுப்பு முழுவதையும் எதிர்த்து நிற்பது பிடரித் தசைகள், அவற்றில் முதலாவது இதே சரிவகத் தசை. பல தோட்டங்களில் கூடை போய்ப் பை வந்துவிட்டது, பாரம் மட்டும் அதே பாரம். ஒரு நாளைக்கு 18 கிலோ அளவில் கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர் என்ற கணக்கு, நரம்பு ஆறும்வரை காத்திருக்காது. கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இன்னும் மோசம். கத்தியை ஓங்க முடியாது.

கையைத் தூக்கச் சொல்லி, “ம், பரவாயில்லை” என்று டிக்கட்டில் எழுதி அனுப்பினால் இது பிடிபடாது. பறிப்பு பெரும்பாலும் இடுப்பு உயரத்தில் நடக்கும் வேலை, கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் போடும்போதுதான் கை தோளுக்கு மேலே போகும். பெரிய சிக்கல் பாரத்தில் இருக்கிறது. கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின் படிப்படியாக எடையைக் கூட்டிச் செய்யும் தோள் பயிற்சி, சாதாரண பயிற்சியைவிட வலியையும் இயலாமையையும் குறைக்கிறது என்று கனடாவில் மக்னீலி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எடை என்றால் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. தண்ணீர்ப் போத்தலில் தொடங்கி, வாரவாரம் ஏற்றி, கடைசியில் வெறுங்கூடையில் தொடங்கிக் கால்கூடை வரை பழகலாம். கதிர்ச்சிகிச்சைக்குப் பின் கழுத்துத் தோல் இறுகும் என்பதால் பயிற்சியை அதற்கு முன்பே, தையல் ஆறியதும் ஆரம்பித்துவிட வேண்டும். “இன்ன மாதம் வரை தலைக்கயிறு போடக் கூடாது, நாற்றுமேடை வேலை கொடுக்கவும்” என்று வைத்தியர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்ட, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் இடம் உண்டு. எழுதாவிட்டால் இல்லை.

எடுத்த இடத்தை மூடுவதிலும் இதே மாதிரி ஒரு கேள்வி. 1979இல் ஸ்டீபன் ஏரியன் காட்டிய வழி, மார்புத் தசையை அதன் இரத்தக் குழாயோடு சேர்த்துத் தோலின் அடியால் மேலே திருப்பி வாயை மூடுவது. சீக்கிரம் முடியும், நம்பகமானது, இரத்தக் குழாய்களைத் தைக்கும் வசதியில்லாத ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். ஆண்களுக்கு மார்பு முடி வாய்க்குள் முளைப்பது ஒரு சின்னத் தொல்லை, கதிர் பட்டால் அதுவும் போய்விடும். இன்னொரு வழி சீனாவில் பிறந்தது: முன்கையின் மெல்லிய தோலை இரத்தக் குழாயோடு முழுதாக வெட்டியெடுத்து, கழுத்தில் 2, 3 மில்லிமீற்றர் அகலக் குழாய்களோடு நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தைப்பது. கன்னத்துக்கும் நாக்குக்கும் இது மார்புத் தசையைவிட நன்றாக மடியும், பேச்சும் விழுங்கலும் மேல். தாடை என்புக்குக் காலின் வெளிப்புறச் சிறு என்பை எடுத்து வளைத்து வைக்கும் முறை 1989இல் வந்தது.

முன்கைத் தோலை எந்தக் கையில் எடுப்பது? பாடப்புத்தகம் பழக்கமில்லாத கையில் என்கிறது, அதாவது வலக்கைக்காரருக்கு இடக்கை. கொழுந்து பறிப்பவருக்குப் பழக்கமில்லாத கை என்று ஒன்று கிடையாது, இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடும். அதற்காக இந்த முறையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையின் பலம் பெரும்பாலும் திரும்பிவிடும், மணிக்கட்டில் ஒரு தழும்பும் கொஞ்சம் மரப்பும் மிஞ்சும். “நீங்க என்ன வேலை செய்றீங்க?” என்ற கேள்வி பெயர், வயது எழுதும் இடத்தில் மட்டும் வராமல், கோடு போடும் நேரத்திலும் வர வேண்டும் என்கிறேன்.

விழித்தெழும்போது தொண்டையில் ஒரு துளை, மூக்கில் ஒரு குழாய். வாய் வீங்கி மூச்சடைக்காமலிருக்கத்தான் அந்தத் துளை, சில நாளில் மூடிவிடுவார்கள். அதுவரை குரல் வராது. முதல் மூன்று நாட்களும் தாதியர் மணிக்கொரு தடவை வந்து ஒட்டிய தோலை அமுக்கிப் பார்ப்பது, இரத்தம் ஓடுகிறதா என்று அறிய. நிறம் கறுத்தாலோ வெளிறினாலோ உடனே திரும்ப உள்ளே கொண்டுபோவார்கள். குரலில்லாத, எழுதவும் தெரியாத ஒருவர், சிங்களத்தில் பேசும் வார்ட்டில் அந்த நாட்களை எப்படிக் கழிப்பார் என்பதற்கு மருத்துவத்தில் விடையில்லை. தண்ணி, வலி, மூச்சு, மூத்திரம் என்று நாலு படம் வரைந்த ஓர் அட்டையை வீட்டுக்காரர் முதல்நாளே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

வெட்டியெடுத்ததைப் பரிசோதித்துவிட்டுக் கதிர் தேவையா என்று முடிவெடுப்பார்கள். தேவையென்றால் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. வழக்கமான அளவு 60 கிரே. வாரத்தில் ஐந்து நாள், தலா சில நிமிடம், மொத்தம் 30 தடவை, ஆறு வாரம். வெட்டிய விளிம்பில் நோய் மிஞ்சியிருந்தாலோ கணுவின் உறையை உடைத்து வெளியே வந்திருந்தாலோ கூடவே சிஸ்பிளாட்டின் மருந்தும் ஏற்றுவார்கள். அதற்கு ஆதாரம் 2004இல் ஒரே இதழில் வெளிவந்த ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் இரண்டு. உயிர் காக்கும் ஆறு வாரம்தான், ஆனால் பெரும்பாலோர் சொல்வது, கத்தியைவிட இதுதான் கஷ்டம் என்று. மூன்றாம் வாரத்தில் வாய் முழுக்க வெந்துபோகும். எச்சில் வற்றும். சோறு மண்ணாகவும் பால் உலோகமாகவும் ருசிக்கும். கஞ்சியையும் சத்துமாவையும் ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், எடை இறங்கவிடக் கூடாது. கதிர் முடிந்து சில வாரத்தில் புண் ஆறும், ருசி மாதங்கள் எடுத்துத் திரும்பும், எச்சில் முழுதாகத் திரும்புவது நிச்சயமில்லை.

கொஸ்லந்தயின் ஊடாகப் போகும் ஏ-4 வீதியே மகரகமையின் ஊடாகவும் போகிறது. ஒரே வீதி என்றாலும் கதிருக்குத் தினமும் போய்வரும் தூரமில்லை. மாகாண மட்டத்தில் பதுளையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருப்பது பெரிய ஆறுதல், தொடர் கிளினிக்குகளையாவது அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கதிருக்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கதிர் பட்ட தாடை என்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பத்து வருடம் கழித்து அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினாலும் குழி ஆறாமல் என்பு அழுகக்கூடும். எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும் கதிர் வாங்கிய கழுத்து என்று முதலில் சொல்ல வேண்டும். இன்னொன்று தைரொயிட். கழுத்துக்குக் கதிர் வாங்கியவர்களில் கணிசமானோருக்குச் சில வருடத்தில் தைரொயிட் சோர்ந்துபோகிறது. களைப்பு, குளிர் தாங்காமை, உடம்பு ஊதுதல் எல்லாம் “பெரிய நோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்ற கணக்கில் போய்விடும். ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒரு தடவை ஓர் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தினம் ஒரு குளிசை, அவ்வளவுதான்.

நோய் திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் கிளினிக் திகதிகள் நெருக்கமாக இருக்கும். அதன்பின் இடைவெளி கூடும். நோய் திரும்பாவிட்டாலும் புதிதாக இன்னொன்று முளைக்கலாம், ஏனென்றால் இருபது முப்பது வருடம் சாறு பட்டது ஒரு கன்னம் மட்டுமல்ல. மறுகன்னம், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாமே அதே சாற்றில் நனைந்த ஒரே வயல். 1953இல் ஸ்லோட்டர் என்ற அமெரிக்க வைத்தியர் இதைச் சொன்னார். வெட்டிய பின்னும் வெற்றிலையை விடாதவர்களுக்கு இந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகும். விடுவது தனியாள் வேலையாக நடக்காது. வீட்டில் மற்ற நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருக்க, வாயில் தையல் போட்டவர் மட்டும் சும்மா இருப்பது எந்த ஊரிலும் முடியாத காரியம். ஒரே பையிலிருந்து போட்டவர்கள் என்பதால், அவரோடு கிளினிக்குக்குத் துணை போகும் புருஷனையோ மருமகளையோ அதே கதிரையில் உட்காரவைத்து வாயைப் பார்த்துவிடுவது வைத்தியருக்கு இரண்டு நிமிட வேலை.

அந்த இரண்டு நிமிடத்தின் பெறுமதியை அளந்தது திருவனந்தபுரம். 1996இல் தொடங்கி, 191,873 பேரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மருத்துவம் படிக்காத பயிற்சிபெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை டோர்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005இல் வெளியிட்ட முடிவு: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் இறப்பு 34 சதவீதம் குறைவு. அங்கும் ஒரு குறை இருந்தது. அடையாளம் கண்டு அனுப்பப்பட்ட 5,145 பேரில் வைத்தியரிடம் போனவர்கள் 3,218 பேர்தான். 1984இல் மத்திய இலங்கையில் கண்ட அதே ஓட்டை, கொஞ்சம் சிறிதாக.

தோட்டத்தில் டோர்ச் அடிப்பது மற்ற ஊரைவிடச் சுலபம். காலையில் எல்லோரும் பிரட்டுக்கு வருகிறார்கள், பகலில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். நானூறு பேருள்ள ஒரு டிவிஷனை, நாளுக்கு இருபது வாயாக, ஒரு மாதத்தில் பார்த்து முடிக்கலாம். கடினமானது அதற்கு அடுத்த நாள். சந்தேகப்பட்டவர்களைப் பத்துப் பேராகச் சேர்த்து, மாதம் ஒருநாள் தோட்டத்து வண்டியிலேயே பதுளைக்கு அனுப்பி, அன்றைக்குப் பேர் போடுவது என்று நிர்வாகமும் தொழிற்சங்கமும் எழுதி ஒப்புக்கொண்டால் அந்த ஓட்டை அடைபடும். ஒரு தோட்டத்துக்கு மாதம் பத்துப் பேர், வருடம் நூற்றிருபது பேர். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைப்பதற்கு இது ஒன்றும் பெரிய தொகையில்லை.